தாக்கல்

அரபு இலக்கணம் கற்பிக்கும் எனக்கு, தாலுகாக் கச்சேரித் தமிழ் எப்போதும் அந்நியமாகப் பட்டதில்லை. அங்கே புழங்கும் சொற்களிற் பல என் வகுப்பறையிலிருந்து நேற்றுத்தான் எழுந்து போனவை போலிருக்கும். ‘வசூல்’ என்றால் வந்து சேர்தல். ‘உஸூல்’ என்ற அரபுச் சொல். ‘பாக்கி’ என்றால் எஞ்சி நிற்பது. ‘அசல்’ வேர், ‘நகல்’ பெயர்த்தெழுதியது. ‘ரத்து’ திருப்பிவிடுதல். ‘இருசால்’ அனுப்பி வைத்தல். கருவூலத்துக்குச் செலுத்தும் பணத்தைக் கிராமக் கணக்கர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ‘ஜமாபந்தி’யின் முற்பாதி அரபு, பிற்பாதி பாரசீகம். இன்றும் கோடைதோறும் பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளை விரித்து வைத்துச் சரிபார்க்கும்போது அந்தப் பெயரே வழங்குகிறது.

இவற்றுள் ‘தாக்கல்’ என்னும் சொல் என்னை அடிக்கடி சிந்திக்க வைத்ததுண்டு. ‘தாகில்’ என்றால் உள்ளே நுழைவது. நம் கணக்கு நம் பெட்டியில் இருக்கும்வரை அது நம் சொந்தச் செய்தி. அதை உரிய இடத்தில், உரிய நாளில் நுழைத்துவிட்டால் அது சாட்சியமாகிறது. நாணயமான வியாபாரிகள் பலர் நம்மிடையே உண்டு. நாணயத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறவர்கள் குறைவு. இந்தக் குறையினால் பழவேற்காட்டுப் பக்கத்தில் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் அருகிருந்து கண்டேன். அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஏரியின் கணக்கு

பழவேற்காட்டு மக்களுக்குக் கணக்கும் ஒழுங்கும் புதியவை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கின்றன. இந்த நீர்ப்பரப்பில் எவர், எந்நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைப் பட்டினவ மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையால் தலைமுறை தலைமுறையாக வகுத்து வந்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பேர்போனவை. உரிமையுள்ளவர்களின் பட்டியல் உண்டு, கூட்டம் உண்டு, சீட்டுப் போட்டு முறை வகுப்பதுண்டு. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குப் பாடு இல்லை.

நம் ஜமாஅத்துகளிலும் இதே நிலைதான். ஒருவனுக்குத் திருமணமானால் அவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி செலுத்தியவன் பெயர் ஏட்டில் நிற்கும். நிக்காஹ் பதிவானாலும் மையவாடியில் ஓர் அடி நிலமானாலும் முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான். ஆண்டுக் கணக்கை முடிக்காத முத்தவல்லியை ஊர் சும்மா விடுவதில்லை. ஆகவே ஆண்டுக்கொரு முறை பெயரைப் புதுப்பிப்பது, கணக்கை விரிப்பது, பாக்கியைத் தீர்ப்பது ஆகியவை நம் வாழ்வில் ஊறியவை. அவ்வாறிருக்க, அரசாங்கம் அதையே கேட்கும்போது மட்டும் நமக்கு ஏன் கை ஓடவில்லை?

ஒரு மாணவனின் கம்பெனி

என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், பழவேற்காட்டிலிருந்து உயிர் நண்டும் கருவாடும் வாங்கி விற்கும் தொழில் தொடங்கினான். துடிப்பானவன்; பொய் சொல்லத் தெரியாதவன். அவனுடைய அக்காள் தன் நகையை அடகு வைத்து முதல் கொடுத்தாள். அக்காள் கணவர் பெயரளவில் பங்காளியானார். சென்னையில் ஒரு தரகர், “வெளிநாட்டுக்கு நண்டு அனுப்ப வேண்டுமானால் பிரைவேட் லிமிடெட் கம்பெனிதான் மதிப்பு” என்று சொல்லி, கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவும் செய்து கொடுத்துவிட்டார். மச்சானும் மைத்துனனும் இயக்குநர்கள் ஆனார்கள். முகவரி அட்டையில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று அச்சாயிற்று. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து துஆச் செய்யச் சொன்னபோது, எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஏற்றுமதிக்குக் கம்பெனி கட்டாயமில்லை என்பதை அந்தத் தரகர் சொல்லவில்லை. தனி ஒருவரும், கூட்டு வியாபாரம் செய்வோரும்கூட ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் பெறலாம். அந்த எண்ணையும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும், தவறினால் அது செயலிழந்துபோகும் என்பதையும் அவர் சொல்லவில்லை. பதிவு செய்து கொடுப்பவருக்குத் தொடக்கத்தில்தான் கூலி. தொடர்ந்து சுமப்பவன் தொடங்கியவனே.

தொழில் இரண்டாண்டு கூட நிற்கவில்லை. ஒரு பருவத்தில் முகத்துவாரம் தூர்ந்து வரத்துக் குறைந்தது. ஒரு வாங்குபவர் பெருந்தொகையைப் பாக்கி வைத்தார். கடனாளிகளுக்குக் கொடுக்க வேண்டியதை யெல்லாம் கொடுத்துவிட்டு அவன் கடையைச் சாத்தினான். அந்த மட்டில் அவன் செய்தது பெரிய காரியம். ஒருவருக்கும் ஒரு காசு குறைக்கவில்லை.

இரண்டாண்டு கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

“கடையைச் சாத்தி ரெண்டு வருஷமாச்சு ஹஜ்ரத். ஒரு காசு வியாபாரம் இல்லை. இல்லாத வியாபாரத்துக்கு என்ன கணக்கு கேட்கிறார்கள்?”

“தம்பி, கடையைச் சாத்தினாய். கம்பெனியைச் சாத்தினாயா?” என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை.

பலருக்கும் விளங்காத இடம் இதுதான். சட்டத்தின் பார்வையில் கம்பெனி என்பது தனியொரு ஆள். தொடங்கியவன் ஓய்ந்தாலும் அது ஓயாது. பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும்வரை அது உயிரோடிருப்பதாகவே கொள்ளப்படும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, மார்ச் 31-இல் கணக்காண்டு முடிந்தபின், சாதாரணமாகச் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுக் கூட்டம் நடத்த வேண்டும். அதிலிருந்து 30 நாளில் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை ‘ஏ.ஓ.சி. 4’ என்ற படிவத்திலும், 60 நாளில் ஆண்டறிக்கையை ‘எம்.ஜி.டி. 7’ என்ற படிவத்திலும் (சிறு கம்பெனிகளுக்கு ‘7ஏ’) தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவமும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். வியாபாரம் நடந்ததா, நட்டமா, இலாபமா என்ற கேள்விக்கே இடமில்லை.

தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் அவனை அழைத்துப் போனேன். கூட்டிப் பார்த்தபோது பாக்கி ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. அதைவிடக் கவலையான செய்தி ஒன்றையும் அவர் சொன்னார். தொடர்ந்து மூன்று கணக்காண்டுகள் தாக்கல் இல்லாவிட்டால், அக்கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்தாண்டுக் காலத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-இல் இந்த விதியைக் கண்டிப்புடன் செயற்படுத்தியபோது நாடெங்கும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன. 3 லட்சத்துக்கு மேற்பட்ட இயக்குநர்கள் தகுதியிழந்தார்கள். என் மாணவனுக்கு மூன்றாம் ஆண்டு நெருங்கிக் கொண்டிருந்தது. அவனுடைய மச்சானோ சென்னையில் வேறொரு சிறு கம்பெனியில் இயக்குநர். அவருடைய பிழைப்பே அதுதான். தங்கை வீட்டாரும் சம்பந்திகளும் கூடும் குடும்பத்தில், ஒருவர் படிவம் நிரப்பாததால் மற்றவர் சோறு போயிற்று என்ற பேச்சு எழுந்தால், அந்தக் காயம் எத்தனை ஆண்டில் ஆறும்?

அக்காள் கழுத்தில் மிச்சமிருந்த சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிற்று. பாக்கிப் படிவங்களைத் தாக்கல் செய்து, கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரும் மனுவுக்குரிய 10,000 ரூபாயும் செலுத்தி, மூன்றாம் ஆண்டுக்கு முன்பாகவே கரையேறினார்கள். அல்ஹம்து லில்லாஹ். ஆனால் நேர்மையாகக் கடன் தீர்த்த ஒருவன், கடனே இல்லாத இடத்தில் இவ்வளவு இழக்க வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

‘இல்லை’ என்று சொல்வதும் சொல்லே

சரக்கு சேவை வரியிலும் இதே பாடந்தான். 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள இவ்வரியில் பதிவு செய்துகொண்டவர், விற்பனை ஒன்றுமில்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கீழைக்கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மழைக்காலத்தில் பல நாள் படகு இறங்காது. இவற்றை நம்பித் தொழில் செய்பவருக்கு வெறுமையான மாதங்கள் வருவது இயல்பு. அந்த வெறுமையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் வெறும் ரிட்டர்னுக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை தாமதக் கட்டணம். மாதந்தோறும் தாக்கல் செய்ய வேண்டியவர் தொடர்ந்து ஆறு மாதம் வாளாவிருந்தால் பதிவையே ரத்துச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. இத்தனைக்கும் 2020 ஜூன் முதல், ஒன்றுமில்லை என்பதைக் கைப்பேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியே தாக்கல் செய்யும் வசதி வந்துவிட்டது.

ஒன்றுமில்லாதபோது பேசாமலிருப்பதே போதும் என்று நம் உள்ளம் சொல்கிறது. நம் கலிமாவோ ‘இல்லை’ என்னும் சொல்லில்தான் தொடங்குகிறது. இல்லாததை இல்லையென்று வாய்விட்டு உரைத்த பிறகே உள்ளது நிலைநாட்டப்படுகிறது. கணக்கிலும் அப்படித்தான். மௌனத்தை எவரும் எப்படியும் வாசிக்கலாம். எழுதித் தந்த ‘இல்லை’யை ஒரே விதமாகத்தான் வாசிக்க முடியும்.

எழுதச் சொன்ன மறை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று சிறுவர்களிடம் கேட்பேன். சொர்க்கத்தைப் பற்றியதாயிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நபிமார் வரலாறு என்பார்கள் சிலர். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. தவணை குறித்த கடனை எழுதிவைக்க வேண்டும், எழுதுபவன் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகளை நிறுத்த வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்று அவ்வசனம் விரித்துரைக்கிறது. சலிப்பைப் பற்றி மறை பேசியிருப்பதை எண்ணிப் பாருங்கள். நம்முடைய இடர்ப்பாட்டின் வேர் வஞ்சகத்தைவிடச் சலிப்பில்தான் அதிகம் இருக்கிறது.

“ஜகாத் கொடுக்கிறோமே, வரியும் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜகாத் இறைவணக்கம், அதைப் பெறத்தக்கோர் இன்னாரென்று மறையே வரையறுத்துவிட்டது. வரி நாம் வாழும் நாட்டின் ஒழுங்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மேலும், பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கியவன் ஓர் உடன்படிக்கை செய்திருக்கிறான். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டே அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. வரி கேட்பவனுக்கும் கடமை உண்டு என்பதை நம் முன்னோர் மறக்கவில்லை. கலீபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இமாம் அபூயூசுப் அவர்கள் ‘கிதாபுல் கராஜ்’ எழுதியபோது, வரி செலுத்தும் குடிகளை வருத்தக்கூடாது என்பதை வற்புறுத்தினார்கள். ஒரே பக்கத்துக் கட்டணமாக நாளொன்றுக்கு 100 ரூபாயைப் பெருங்கம்பெனிக்கும் நண்டுக் கம்பெனிக்கும் சமமாக வைப்பது நீதிதானா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. கணக்கைத் தாக்கல் செய்துவிட்டுக் கேட்டால் அந்தக் கேள்விக்கு வலிவும் உண்டு.

ஜகாத்துக்கே ஒழுங்கான ஆண்டுக் கணக்கு வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம். கையிருப்பு, சரக்கின் அன்றைய விலை, வரவேண்டிய பாக்கி ஆகிய எல்லாவற்றையும் குறித்தால்தானே நிஸாபு எட்டியதா என்று தெரியும்? வியாபாரச் சரக்கில் ஆண்டின் முடிவில் நிஸாபு இருந்தாற் போதும் என்பது ஷாபிஈ மத்ஹபு. தொடக்கத்திலும் முடிவிலும் இருக்க வேண்டும் என்பது ஹனபி மத்ஹபு. எப்படிப் பார்த்தாலும் தேதி குறித்த கணக்கில்லாமல் மஸ்அலாவுக்கு விடை கிடைக்காது. ஹிஜ்ரி ஆண்டு 354 நாள். சூரிய ஆண்டோ 365 நாள். வசதிக்காக மார்ச் 31-ஐயே ஜகாத்துக்கும் கணக்கு நாளாகக் கொள்பவர்கள், 2.5 விழுக்காட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.58 விழுக்காடு கொடுக்க வேண்டும் என இக்கால அறிஞர்கள் கணக்கிட்டிருப்பது இதனால்தான். நிலவாண்டு அறுவடையோடு ஒத்துவராததைக் கண்டே அக்பர் காலத்தில் ‘பசலி’ ஆண்டு ஏற்பட்டது. ‘பஸ்ல்’ என்றால் பருவம். ஜூலை 1-இல் தொடங்கும் அந்த ஆண்டு நம் வருவாய்த்துறைக் கணக்கில் இன்றும் வாழ்கிறது.

ஆக, பழவேற்காட்டு வியாபாரி ஒருவர் ரமலானை நோக்கி ஓர் ஆண்டும், மார்ச் 31-ஐ நோக்கி ஓர் ஆண்டும், ஜூலை 1-ஐ நோக்கி ஓர் ஆண்டும் ஒரே சமயத்தில் வாழ்கிறார். இவற்றை நினைவில் மட்டும் வைத்திருப்பது முடியாத காரியம். தொழுகை நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிறோமே, அதனருகே தாக்கல் நாள்களின் அட்டவணையும் ஒட்டியிருக்கட்டும்.

கோட்டை கட்டிய கம்பெனி

கணக்குக் காட்டாமை ஏழை வியாபாரியின் குணம் மட்டுமன்று. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1602-இல் பொதுமக்களிடம் பங்குப் பணம் திரட்டித் தொடங்கிய கம்பெனி அது. பத்தாண்டு முடிவில் பொதுக்கணக்கு விரிக்க வேண்டும் என்று அதன் பட்டயமே விதித்தது. அந்தத் தவணை வந்தபோது கம்பெனியின் இயக்குநர்கள் அதைத் தவிர்த்துவிட்டார்கள். 1622-இல் பங்குதாரர்கள் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டு, கணக்கு எங்கே என்று கேட்கும் நிலை வந்தது. எத்தனையோ வலிமை இருந்தும், கடன் சுமையோடு 1799-இன் இறுதியில் அது மறைந்தது. பழவேற்காட்டின் பெயரை மலாய் நாட்டார் இன்றும் ‘கைன் பெலேக்காட்’ என்று தங்கள் கைலியில் உடுத்திக்கொண்டிருக்கிறார்கள். நெசவாளி கைப்பட்ட துணியின் பெயர் நிலைத்தது. கோட்டை இடிபாடாகவும் டச்சுக் கல்லறைகளாகவும் எஞ்சியது.

தொடங்குமுன் எண்ணுக

தொழில் தொடங்க நினைக்கும் நம் வாலிபர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. பெயருக்காகப் பெரிய சட்டை தைத்துக்கொள்ளாதீர்கள். பதப்படுத்தாத பச்சை மீனுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. வரி விலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவருக்குப் பதிவும் தேவையில்லை. பிற சரக்கு விற்பவருக்கும் தமிழ்நாட்டுக்குள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். வருமான வரியில், 2 கோடி ரூபாய் வரை விற்பனையுள்ள சிறு வியாபாரி, விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாக வந்த தொகையாயின் 6 விழுக்காட்டை இலாபமாகக் காட்டி எளிதாக முடிக்கும் வழியும் இருக்கிறது. சிறிய தொழிலுக்குச் சிறிய வடிவம் போதும். வளர்ந்தபின் கம்பெனியாகலாம், அப்போது அதன் ஆண்டுச் செலவையும் முதலில் சேர்த்து எண்ணுங்கள்.

எந்தப் பதிவை வாங்கினாலும், வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்காக ஆண்டுதோறும் நான் எதை, எந்நாளில் தாக்கல் செய்ய வேண்டும்? தொழில் நின்றால் இதை எப்படி முறையாக மூடுவது? இவ்விரண்டுக்கும் விடை சொல்லாத தரகரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். கடவுச்சொல்லையும் கைப்பேசி எண்ணையும் பிறர் பெயரில் விடாதீர்கள். அறிவிப்புகள் அந்த எண்ணுக்குத்தான் வரும். பங்காளியாக உறவினர் பெயரைச் சேர்க்குமுன், அதனால் அவர் தலையில் ஏறும் பொறுப்பை அவர் வீட்டாரிடமும் விளக்கிச் சொல்லுங்கள். அமானிதம் என்பது அதுவே.

பழவேற்காட்டில் பனையோலையால் கூடை பின்னும் நம் சகோதரிகளை நான் கவனித்திருக்கிறேன். எத்தனை ஓலை வந்தது, எத்தனை கூடை போயிற்று, எவருக்கு எவ்வளவு கூலி என்பதைப் பள்ளிப்பிள்ளைகளின் நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். மாலையில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார்கள். சட்டம் கேட்கும் கணக்கெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் பிறக்கிறது. அன்றாடம் எழுதுபவருக்கு ஆண்டு முடிவு ஒரு நாள் வேலை. எழுதாதவருக்கோ அது ஓராண்டுத் துன்பம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது ஏரிக்கரைக்கும் பொருந்தும்.

தன்னைத்தானே கணக்கெடுப்பதை ‘முஹாஸபா’ என்பர் நம் ஞானிகள். பக்தாதில் 857-இல் மறைந்த ஹாரித் அவர்களுக்கு ‘அல்முஹாஸிபீ’ என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். வளைகுடா நாடுகளில் இன்று அலுவலகக் கணக்கரை ‘முஹாஸிப்’ என்றே அழைக்கிறார்கள். அங்கே உழைத்துத் திரும்பிய நம் சகோதரர்களுக்கு இது தெரியும். ஞானிக்கும் கணக்கருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழியைத் தினமும் ஓதுகிறோம். மார்ச் மாதம் வருகிறது, ஏடுகளைத் திறப்போம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்போம். ஊர்தோறும் ஜமாஅத்தில் படித்த இளைஞர் இருவர், ஆண்டுக்கு இரண்டு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் பள்ளித் திண்ணையில் அமர்ந்து சிறு வியாபாரிகளுக்கு இந்தப் படிவங்களை விளக்கினால், அடகுக் கடைக்குப் போகும் சங்கிலிகள் சில வீட்டிலேயே தங்கும். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் நம் கணக்கில் இலேசையும் தந்தருள்வானாக! ஆமீன்.